விடாத காந்தம்

பழைய இரும்புக் கிடங்கில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். முதலாளியின் மகளைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாகி, கிடங்கின் மின்வேலையையும் தலையில் கட்டிக்கொண்டவனை வேறெப்படிக் கூப்பிடுவது? கல்யாணப் பேச்சின்போது ஒரு தடவைதான் தலையாட்டினான்; அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. இப்போது வெளியூர்ப் பட்டறை ஒன்று வேலை தருவதாகச் சொல்லி, அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. மனைவி பெட்டியே கட்டிவிட்டாள். மாமனாரிடம் சொல்வதுதான் பாக்கி. இவன் வாயைத் திறப்பான், அவர் அடுத்த வேலையைச் சொல்வார், இவன் பேசாமல் நகர்ந்துவிடுவான்.

அன்று பார்த்து கிரேனின் மின்காந்தம் மக்கர் செய்தது. விடுவிக்கும் பொத்தானை அழுத்தியும், தூக்கிய இரும்பு விழாமல் லாரிக்கு மேலேயே தொங்கியது; டிரைவர் இறங்கி ஓடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தன் இஷ்டத்துக்குப் பாதி வண்டியிலும் பாதி தரையிலும் விழுந்தது.

கோளாறு மாப்பிள்ளையின் கைவண்ணம்தான். காந்தத்துக்கு மின்சாரம் தரும் பெட்டிக்குள் நான்கு தைரிஸ்டர்கள், மின்சாரத்துக்குக் கதவு மாதிரி. மின்சாரம் ஒரு திசையில் வரும்போது குறுக்காக ஒரு ஜோடி திறக்கும், திசை மாறினால் மறு ஜோடி. திறக்க ஒரு சின்ன மின் தட்டல் போதும்; மூடுவதோ, உள்ளே மின்னோட்டம் அடங்கினால்தான். தட்டல் சீக்கிரம் வந்தால் காந்தத்துக்குப் பலம். மிகவும் தாமதித்து வந்தால் மின்சாரமே எதிர்த்து நின்று, காந்தச் சுருளில் இருப்பதைக் கறந்து திருப்பி வாங்கிவிடும். முந்தின நாள் மாலை அந்தப் பெட்டியைப் பிரித்துப் பூட்டிய இவன், பொத்தானை அழுத்தினால் தட்டல் தாமதிப்பதற்குப் பதில் தட்டலே நிற்கும்படி செய்துவிட்டான். கடைசியாகத் திறந்த ஜோடி மூடாமல் கிடந்தது. சுருள் ஓட்டத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

தட்டல் நிற்காமல் தாமதித்து வரும்படி இணைப்பை மாற்றினான். மறுபடி இரும்பைத் தூக்கிப் பொத்தானை அழுத்தியதும் அது மொத்தமும் தடாலென்று விழுந்தது. என்ன ஆச்சு என்று மாமனார் கேட்டார்.

"சும்மா இருந்தா அதுவா விட்டுடும்னு நெனச்சேன் மாமா. விடாது. எதிரா தட்டிக்கிட்டே இருக்கணும்."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.

"மாமா, எனக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. நாங்க தனியா போறோம்."

அவர் காதில் விழாதவர் போல, நாளைக்குப் பெரிய தராசைப் பார்க்கச் சொன்னார். வழக்கமாக இவன் வாய் மூடும் இடம் இதுதான்.

"தராசைப் பாக்க நான் இருக்க மாட்டேன் மாமா."

முதலில் சாப்பிடலாம், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார்.

"சாப்பிட்டுட்டும் இதையேதான் சொல்லுவேன்."

அவன் நகரவில்லை. மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வேலை எதையும் சொல்லவில்லை.