நாக்கு சார் போட்ட டீ

தேயிலைக் கம்பெனியில் அவருக்குப் பெயர் நாக்கு சார். ருசி பார்ப்பதுதான் உத்தியோகம். நீள மேஜையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். கரண்டியால் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு ஒரே வார்த்தை சொல்வார். "காந்தல்." "பச்சை வாடை." "செத்த இலை." அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு லாரிச் சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும். அப்பேர்ப்பட்ட நாக்கு! ஆனால் அந்த டீயை அவர் ஒருநாளும் தன் கையால் போட்டதில்லை. அதற்கு வேறு ஆட்கள் உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில், மாமனாரும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பெண்டாட்டி ஆசையாகக் கெட்டிலில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். மனிதர் பழக்கதோஷத்தில் உறிஞ்சினார், உருட்டினார், எழுந்துபோய்த் துப்பிவிட்டு, "கொதிச்சுப்போச்சு" என்றார். மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து இருபத்தாறு வருஷமாக அவள் அவருக்கு டீ போட்டுத்தான் கொடுக்கிறாள். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து தான் ஒரு வாய் குடித்ததில்லை. இந்த மகானுபாவர் அதைக் கவனித்ததும் இல்லை.

இப்போது அவள் வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நாலு நாள். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்றைக்கும் ஒன்றும் இறங்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் அவளே மெல்லக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் டீ குடுங்களேன். அதுன்னா குடிச்சுடுவேன்னு தோணுது."

டீதானே, இதென்ன பிரமாதம் என்று அடுப்படிக்குள் போனார். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கெட்டிலில் இலையைப் போட்டு ஊற்றி, ஆபீஸில் செய்வதுபோலவே கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆறு நிமிஷம் மூடிவைத்தார். ஆபீஸில் அவ்வளவு நேரம் ஊறவிடுவது இலையின் குற்றம் குறையெல்லாம் வெளியே வருவதற்காக. அது குடிப்பதற்கான டீயே இல்லை. அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. கோப்பையில் வடித்துப் பாலை ஊற்றினார். சர்க்கரை டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எந்த மலையில் எந்த மாசம் பறித்த இலை என்று ஒரே உறிஞ்சலில் சொல்கிறவருக்கு, பெண்டாட்டிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று தெரியவில்லை. போய்க் கேட்கக் கூச்சம். குத்துமதிப்பாக இரண்டு போட்டார்.

கொடுப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். ஐயோ, கசப்பு! பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார்.

அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டுவிட்டது.

"நீங்க துப்புற டீயையா எனக்குக் குடுக்கப் போறீங்க?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. கோப்பையும் கையுமாக அறை வாசற்படியில் நின்றார். காதெல்லாம் சுட்டது.

"இரு, கொட்டிட்டு வேற போடறேன்."

"அதுக்குள்ள இந்த ஆசையும் போயிடும். குடுங்க."

வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அடிவரைக்கும் குடித்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்க அப்பா அம்மா முன்னாடி நான்..." என்று ஆரம்பித்தார். வெட்கக்கேடு, இருபத்தாறு வருஷம் கழித்து எந்த வாயால் சொல்வது?

"கெட்டில்ல மிச்சம் இருக்குமே. உங்களுக்கும் ஒரு கோப்பை ஊத்திக்கிட்டு வாங்க. இங்கேயே உக்காந்து குடிங்க" என்றாள்.

ஊற்றிக்கொண்டு வந்து ஒரு வாய் வைத்தார். இன்னும் ஊறி விஷமாகக் கசந்தது. பழக்கதோஷம், கண் தானாகத் தொட்டியைத் தேடியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முழுங்குங்க."

முழுங்கினார். கோப்பையில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.