வள்ளத்தில் ஆள் ஏறக் கூடாது

கடலில் வள்ளத்தில் ஆள் ஏறலாம். றோட்டில் ஏறக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான். இதில் விளங்காதது என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அரியாலையில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய பிக்கப்பும் அதன் பின்னால் கொளுவி இழுக்க ஒரு ட்ரெயிலரும் இருந்தன. வெங்காயம், சீமெந்து, பந்தல் தடி, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். பிக்கப் ஓட லைசென்ஸ் எடுப்பது பெரிய காரியமில்லை. ட்ரெயிலரையும் இழுத்து ஓடிக் காட்டி அதற்கு அனுமதி வாங்குவதுதான் சீவன் போகிற வேலை. பின்பக்கமாக எடுக்கும்போது நாம் ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் திரும்பும். பரீட்சகர் இரண்டு தரம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் தரம் போனால் போகிறதென்று கையெழுத்து வைத்துவிட்டு, இழுக்கிற வாகனத்தைவிட இழுபடுகிறது பாரமாக இருக்கக் கூடாது என்றார். அதில் மனுசரை ஏற்றினால் லைசென்சை மறந்துவிடு என்றும் சொன்னார்.

நான் மறக்கவில்லை. ஏற்றக்கூடிய பாரம் பதினைந்து அந்தர், அதாவது முக்கால் தொன், என்று ட்ரெயிலரின் பக்கப் பலகையில் வெள்ளைப் பெயின்றால் நானே எழுதினேன். ஒரு மூட்டை கூடினாலும் இறக்கச் சொல்லுவேன். அதில் ஆள் ஏறக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். சனம் என்னை விசரன் என்றது. சொல்லட்டும். அந்த லைசென்ஸ் போனால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. எனக்கு வேறு தொழில் தெரியாது, வீட்டில் மனைவியும் எட்டு மாதக் கைக்குழந்தையும்.

மயிலிட்டியில் வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டியார் ஒருவர், எங்கள் ஊர்த் தச்சரிடம் புது வள்ளம் ஒன்று கட்டக் கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும் அதை மயிலிட்டிக்கு இழுத்துப் போக என்னைப் பிடித்தார். வள்ளம் பன்னிரண்டு அந்தர் வரும் என்று தச்சர் சொன்னார். நல்லது, எனக்குச் சரி. ஆனால் சம்மாட்டியாருக்கு வேறு ஒரு ஆசை. புது வள்ளம் வெறுமையாக வீட்டுக்கு வரக் கூடாதாம், குடும்பம் அதற்குள் இருந்து வரவேண்டுமாம். நான் பாய்ந்துவிட்டேன். தலைகீழாக நின்றாலும் நடக்காது என்றேன். மனுசனின் முகம் சுருங்கிப் போனது. கடைசியில், வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஒரு நிறைகுடம் மட்டும் வைப்பது, குடும்பம் பின்னால் ஒரு வான் வண்டியில் வருவது என்று முடிவானது. எனக்கும் மனம் இளகி, போகிற இடத்தில் விருந்து என்கிறார்களே என்று என் மனைவியையும் பிள்ளையையும் அதே வானில் ஏற்றிவிட்டேன். வள்ளம் கட்டுவதைப் பார்க்க வந்து வந்து, சம்மாட்டியாரின் மனைவியும் என் மனைவியும் நல்ல ஒட்டு.

புதுப் பெயின்றில் தூசி படியாமல் வள்ளத்தைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கயிறு கட்டினேன். சின்னக் குடத்தை வள்ளத்தின் முன்மூக்கில் அசையாமல் இறுக்கினேன். எல்லாம் ஒழுங்கு. இணுவில் கோயிலடியில் அர்ச்சனை செய்ய வேண்டுமென்று நிற்பாட்டச் சொன்னார்கள். அவர்கள் உள்ளே போக, நான் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சம்மாட்டியார் மட்டும் பிக்கப்பின் முன்சீற்றில் இருந்தார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். திருநீறு பூசிய நெற்றியோடு, போவம் தம்பி என்று கையைக் காட்டினார். வான் பின்னால் நின்றது. நானும் எடுத்துவிட்டேன்.

சுன்னாகம் கழிந்ததும் வாகனம் என் சொல் கேட்கவில்லை. பிக்கப்பின் பின்பக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. பின்சில்லு நிலத்தில் பிடிக்காமல் வழுக்கியது. ட்ரெயிலர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடியது. காற்று, தம்பி, என்றார் சம்மாட்டியார். எங்கே ஐயா காற்று? மரத்தில் ஒரு இலை அசையவில்லை. மல்லாகத்து வளைவில் பிறேக்கை மிதித்தேன். ட்ரெயிலர் எங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு மதகின் கரைமட்டும் போய் நின்றது.

மதகடியில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் நின்றார். மெல்ல நடந்து வந்து லைசென்சைக் கேட்டார். கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். என்ன பாரம் என்றார். வள்ளம் மட்டும் ஐயா, பன்னிரண்டு அந்தர் என்றேன்.

அப்போது படங்குக்குள் ஒரு குழந்தை அழுதது.

எத்தனை குழந்தை அழுதாலும் தன் பிள்ளையின் குரல் தகப்பனுக்குத் தெரியும். சார்ஜன்ட்தான் கயிற்றை அவிழ்த்தார். சம்மாட்டியாரின் மனைவி, தங்கைமார், பிள்ளைகள் என்று வியர்வை ஒழுக ஒவ்வொருவராக எழும்பினார்கள். கடைசியாக என் மனைவி, இடுப்பில் என் மகள். இணுவிலில் நான் தேத்தண்ணி குடித்த நேரம் ஏறியவர்கள், அணியத்தில் நிறைகுடம் இருக்கிறது, அதற்குக் கிட்டக் கால் நீட்டக் கூடாது என்று அத்தனை பேரும் பின்முனையில் குவிந்து இருந்திருக்கிறார்கள். ஐயோ, பாரம் முழுக்கச் சில்லுக்குப் பின்னால்! பின்முனை தாழ, முன்பக்கம் எழும்பி என் பிக்கப்பையே தூக்கியிருக்கிறது.

சார்ஜன்ட் குனிந்து பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பிக்கப்பையும் ட்ரெயிலரையும் சேர்க்கிற இரும்பு ஆணிக்குக் கீழே ஒரு பூட்டுக் கம்பி இருக்கும். அது அறுந்துபோயிருந்தது. ஆணி பாதிக்கு மேலே எழும்பி நின்றது. இன்னொரு வளைவு வந்திருந்தால் அது கழன்றிருக்கும். மதகில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு என் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். நடு றோட்டில், அத்தனை பேருக்கும் முன்னால். அவள் நான் ஏன் கத்துகிறேன் என்று தெரியாமல் பார்த்தாள். கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தால் வள்ளத்துக்கு நல்லது என்று கூப்பிட்டார்களாம்.

"நீங்கள்தானே ஓடுறியள். பிறகென்ன பயம் எண்டு ஏறினன்" என்றாள்.

சம்மாட்டியார் சார்ஜன்டிடம் போய்க் கைகூப்பி, பிழை முழுக்கத் தன்னுடையது, தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னார். சார்ஜன்ட் லைசென்சை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உவர் சொல்லுறதை நான் நம்புறன், தம்பி. இனி உதிலை ஆள் ஏறாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. உன்னை விடுறன்."

ஒரு சொல்தான். ஓம் ஐயா என்றால் முடிந்தது, வீட்டில் உலை கொதிக்கும். மகள் அழுகையை நிறுத்திவிட்டு, பின்முனையில் தாயின் இடுப்பில் இருந்தபடியே என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் போய் அவளைத் தூக்கினேன். படங்கின் சூடு அவள் உடம்பில் இருந்தது.

"என்னாலை சொல்லேலாது ஐயா" என்றேன். "நான் சொன்னதை என்ரை வீட்டு ஆக்களே கேட்கேல்லை. லைசென்சை எடுங்கோ."

சார்ஜன்ட் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார்.