அருள்செல்வியின் சிவப்புச் சுவர்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தவர்கள், பெயிண்ட் அடித்துப்பார் என்பதையும் கூடவே சேர்த்திருக்கலாம். குருபரப்பள்ளியில் ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அருள்செல்வியும் பிரகாசமும் கட்டிய வீட்டில், அஸ்திவாரம் தோண்டும்போது வராத சண்டை பெயிண்டுக்கு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஓசூரில் வாடகை வீடுதான். எத்தனையோ வீடு மாறினார்கள், சுவரின் நிறம் மட்டும் மாறவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டது போல வெளிறிப்போன கிரீம் கலர். ஆணி அடிக்காதே, ஸ்டிக்கர் ஒட்டாதே என்ற உத்தரவு வேறு. காலண்டரைக் கூட ஜன்னல் கம்பியில் மாட்டிக் காலத்தை ஓட்டியவள் அருள்செல்வி. சொந்த வீடென்று ஒன்று வந்தால், ஹாலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற பெரிய சுவர் பழுத்த மிளகாய் போலச் சிவப்பாக இருக்கவேண்டும் என்று அவள் அப்போதே முடிவு கட்டியிருந்தாள்.

பிரகாசம் அலறிவிட்டார்.

அவர் ஒரு கியர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே மஞ்சள் கோட்டுக்குள் நடக்கவேண்டும், பச்சை ட்ரேயில் நல்ல பீஸ், சிவப்புப் பெட்டியில் பழுதான பீஸ். இந்தச் சட்டம் அவர் ரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டில் புளித்துப்போன தயிரைக் கூட சிவப்பு மூடி போட்ட டப்பாவில்தான் எடுத்து வைப்பார். அருள்செல்வியும் சும்மா இல்லை. வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வரிசையாக வருகிற பீஸ்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவதுதான் அவள் பிழைப்பே. அப்படிப்பட்டவள் போய் இந்தக் கலரைக் கேட்கிறாளே என்றுதான் அவருக்கு ஆற்றாமை.

"நாள் பூரா அந்தப் பொட்டி மூஞ்சியிலதான முழிக்கற? வீட்லயும் அதேவா?" என்றார்.

"அதனாலதாங்க கேக்கறேன்" என்றாள் அவள். "நல்ல ட்ரேயில போற பீஸ யாருங்க திரும்பிப் பாக்கறாங்க? செவப்புப் பொட்டிக்கு வந்தாத்தான் மேனேஜரு வரைக்கும் எறங்கி வந்து கையில எடுத்துப் பாக்கறாரு. என் செவுத்தையும் வர்றவங்க நின்னு பாக்கட்டும்."

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்று பிரகாசத்துக்குத் தெரியும். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். பாஸ்டர் வந்து ஜெபித்து வீட்டைத் திறந்துவைக்கிற பிரதிஷ்டை வரைக்கும் சுவர் சிவப்பாக இருக்கட்டும். வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால் மறுநாளே கிரீம். சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு பெரிய டின் கிரீம் பெயிண்டையும் வாங்கி வந்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார். அருள்செல்வி சரி என்றாள். அந்த டின்னைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பெயிண்டர் எல்லப்பன் வேப்பனப்பள்ளிக்காரர். அவர் முதல் நாள் சுவர் முழுக்கச் சாம்பல் கலர் அடித்துவிட்டுப் போனார். ஷிஃப்ட் முடிந்து வந்த பிரகாசம் அதைப் பார்த்தார், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் பேக்கரியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். மனைவி மனம் மாறிவிட்டாள் என்று சந்தோஷம். அருள்செல்வி அவர் நினைப்பைக் கலைக்காமல் மைசூர்பாகைச் சாப்பிட்டாள். காலையில் எல்லப்பன் வந்துதான் உண்மையை உடைத்தார்.

"செவப்பு வெள்ள மேல நிக்காது சார். திட்டுத்திட்டாத் தெரியும். அடியில சாம்பல் குடுத்தாத்தான் கலரு புடிக்கும்."

பிரகாசத்தின் முகம் விழுந்ததைப் பார்த்து அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. ரெண்டு கோட் முடிந்து எல்லப்பன் ரோலரைக் கீழே வைத்தபோது அவள் ஹால் நடுவில் நின்று பார்த்தாள். சாயங்கால வெயில் பட்டு அறை முழுக்கச் செக்கச்செவேலென்று இருந்தது. "பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சினார் எல்லப்பன், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அருள்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரதிஷ்டை நாள் வந்தது. பாஸ்டர் வந்து ஜெபித்து, பாட்டுப் பாடி, ரிப்பன் வெட்டி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இவர்கள் இருவரின் கம்பெனி ஆட்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரோரம் யாரும் உட்காரவும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் நெருக்கியடித்தன. பரிசுப் பொட்டலங்கள் வேறு மூலையில் குவிந்தன. சிவப்புச் சுவருக்கு முன்னால் வெறும் தரை.

அப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. வாடகைக்கு எடுத்த நாற்காலி ஒன்று கால் ஒடிந்து கிடந்தது. பிரகாசத்தின் லைனில் வேலை செய்கிற ராஜ்குமார் அதைத் தூக்கினான், நேராகக் கொண்டுபோய்ச் சிவப்புச் சுவரோரம் வைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒழுகுகிற தண்ணீர் கேன் ஒன்று அங்கே போனது. அருள்செல்வியோடு வேலை செய்கிற மேகலா, விரிசல் விட்ட பிளாஸ்டிக் ஜக்கைக் கொண்டுபோய் அந்தக் கேனுக்குப் பக்கத்தில், வரிசை பிசகாமல் வைத்தாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போகிறது. பழுது என்றால் சிவப்பு, அவ்வளவுதான்.

ராஜ்குமார்தான் முதலில் கவனித்தான். "அண்ணா, ரிஜெக்ட் ஏரியா ரெடி ஆயிடுச்சுண்ணா!"

வீடே அதிரச் சிரித்தார்கள். மேகலா நாக்கைக் கடித்துக்கொண்டு, "அக்கா, சத்தியமா தெரியாமதான்க்கா வெச்சேன்" என்றாள். அருள்செல்வியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், செய்ய வேலை எதுவும் இல்லாமல் சும்மா நின்றாள். சிரித்தால் கிரீம் என்பதுதானே பேச்சு? எத்தனை வருஷத்து ஆசை, ஒரு வாரம் கூட நிற்கவில்லையே!

திரும்பி வந்தபோது ஹாலில் ஒரே தள்ளுமுள்ளு. சிரித்த கூட்டமே சுவரைச் சுற்றி நின்றது. கையால் தடவிப் பார்க்கிறார்கள், எந்தக் கடை, என்ன நம்பர் என்று விசாரிக்கிறார்கள். ராஜ்குமார் ஒடிந்த நாற்காலியைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்கு நிற்கிறான். மேகலா, "அக்கா, நீ நடுவுல வா. உன் செவுத்துக்கு முன்னாடி எங்க மூஞ்சியெல்லாம் எப்படிப் பளிச்சுனு விழுது பாரு" என்று இழுத்து நிறுத்தினாள். அவள் நின்றாள். கண் மட்டும் பிரகாசத்தைத் தேடியது. அவர் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகுதான் அவர் சாப்பிட வந்தார். நாற்காலிகளை வாடகைக் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிரகாசம் பிரியாணித் தட்டோடு ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டை ஜன்னலில் வைத்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து கிரீம் டின்னை இழுத்தார். அருள்செல்விக்குத் திக்கென்றது. அவர் அதைத் தரையோடு உருட்டிக்கொண்டு வந்து சிவப்புச் சுவரோரம் நிமிர்த்திப் போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வந்து அதன்மேல் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "நாளைக்கு எல்லப்பன வரச் சொல்லணுமா?" என்று கேட்டேவிட்டாள்.

"எதுக்கு?"

"டின்ன ஒடைக்க வேணாமா?"

பிரகாசம் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "நான்தான் மேல உக்காந்திருக்கேனே. எப்படி ஒடைப்பாரு?" என்றவர், கொஞ்சம் நகர்ந்து டின்னின் மேல் பாதி இடம் விட்டார். "நீ சாப்ட்டியா? தட்டு எடுத்துட்டு வா."