பாவு நீட்டிய காலையில் காப்பி வறுத்தவன்

ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று வந்து சேரும். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ஆன்மிகம். எனக்குக் காப்பி வந்தது. குடிக்கிற பழக்கம் இருபது வயதிலேயே வந்துவிட்டது. இப்போது வந்தது வறுக்கிற பழக்கம்.

ஒரு சனிக்கிழமை, காஞ்சிபுரத்தில் வாங்கி வந்த பொடியில் கசப்புக்குப் பின்னால் இன்னொரு கசப்பு இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். நான்கு வீடியோ பார்த்தவன் பேசுகிற பேச்சு அது. அவள் துணி மடித்தபடியே, "அப்போ நீங்களே வறுத்துக்குங்க" என்றாள். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்துக்குப் பிறகாவது அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அதை அரசாணையாக எடுத்துக்கொண்டேன்.

ஹீட் கன் என்று ஒன்று விற்கிறார்கள். தலைமுடி உலர்த்துகிற கருவி போல இருக்கும், ஆனால் ஐந்நூறு டிகிரி காற்றைக் கக்கும். பழைய பெயின்ட்டை இளக்கிச் சுரண்டுவதற்கானது. ஹார்டுவேர் கடைக்காரர், "பெயின்ட் எடுக்கவா சார்?" என்று கேட்டார். "காப்பி வறுக்க" என்றேன். பில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "அப்போ வாரன்டி வராது சார்" என்றார். அவர் சொன்னது மெஷினுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

கைப்பிடி உடைந்த குக்கர் ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குள் கொட்டை, மேலே உடைந்த ஃபேன் ஸ்டாண்டில் கட்டித் தலைகீழாகத் தொங்கும் ஹீட் கன். பக்கவாட்டில் துளை போட்டு ஒரு வெப்பமானிக் கம்பியைச் செருகினேன். அதன் மறுமுனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, சிவப்பு எண்களில் டிகிரி காட்டும். கொட்டையைக் கிளற மட்டும் ஒரு மோட்டார் வேண்டியிருந்தது. அதை எதிர்வீட்டு அக்கா கொடுத்தார்.

ஐயம்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி உண்டு. அக்கா வீட்டில் இரண்டு. நூல் சுற்றும் மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட மோட்டார் ஒன்று அவர்கள் பரணில் கிடந்தது.

"இன்னாத்துக்கு சார்?"

"காப்பிக்கொட்டை கிளற, அக்கா."

"ஏன் சார், உன் கைக்கு இன்னா ஆச்சு?"

எங்கள் பக்கத்தில் சாரும் நீயும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் சீரான வெப்பப் பரவல் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அக்கா மோட்டாரை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விளக்கத்தை நான் அவர் வீட்டு நாய்க்கு முடித்துவைத்தேன்.

முதல் வறுவலைச் சமையலறையில் செய்தேன். புகையில் பக்கத்து வீட்டார் வாளியோடு வந்தார்கள். இரண்டாவதைப் பின்கட்டில் செய்தேன். கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒரு வாரத்துக்குத் தீய்ந்த வாசம் வீசியது. அலுவலகத்தில் என் அருகில் உட்கார்ந்திருப்பவர், "வீட்ல ஏதாவது ஹோமமா?" என்று விசாரித்தார். மூன்றாவது முறைக்கு என்னை மொட்டை மாடிக்கு நாடு கடத்தினாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு மேல், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத நேரத்தில் மட்டும் என்று நிபந்தனை. தெருப் பக்கம் அடிக்கிற காற்றைப் பற்றி நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை, அதாவது புடவையின் நீள இழைகளை எல்லாம், காலையில் தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். மூன்று புடவைக்கான நீளம் அது. ஆயிரக்கணக்கான பட்டிழை தெருவை அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்தில் நிற்கும். அதன்மேல் அரிசிக் கஞ்சியைத் தடவி, இழை இழையாகப் பிரித்து, வெயிலில் காயவிடுவார்கள். பாவு நீட்டிய காலையில் யாரும் வாசல் பெருக்கக் கூடாது. பாய் உதறக் கூடாது. மெத்தை தட்டக் கூடாது. ஈரக் கஞ்சியில் தூசி விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு தறியில் சீப்பு போல இருக்கும் பண்ணையில் அந்த இடம் சிக்கி இழை அறுந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். போன வருடம் மிதியடி உதறிய ஒரு புதுக் குடித்தனத்தை வாசலில் நிறுத்தி வைத்து நானே பத்து நிமிடம் கண்டித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் காப்பி வறுப்பது இல்லை. அப்படி ஒருவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீட்டியிருந்தது அக்காவின் பாவு. முப்பது வருடமாக ஊரார் கல்யாணத்துக்கு நெய்தவர். ஒரு காஞ்சிபுரம் பட்டைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொண்டதில்லை. இப்போது ஆவணியில் மகன் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மாவாக மணவறையில் நிற்கும்போது உடம்பில் இருப்பது தான் நெய்த புடவையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். பாவில் இரண்டு புடவை பட்டுக் கடைக்காரருக்கு, ஒன்று அவருக்கு. நிறத்தையும் அவரே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தார். சந்தன நிறம்.

கொட்டை நூற்றைம்பது டிகிரியில் மஞ்சளானது. நூற்றெண்பதில் அதன் மேல்தோல் உரியத் தொடங்கியது. வெங்காயச் சருகு மாதிரி, அதைவிட லேசானது. ஹீட் கன் காற்றில் குபுகுபுவென்று எழும்பிப் பறந்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய் மறைந்தது. குக்கருக்குள் ஒரு துளி உமி இல்லை. அடடா, எவ்வளவு சுத்தமான வடிவமைப்பு என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். "உமி: தானாக நீங்குகிறது." அந்த வரி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கீழிருந்து குரல் வந்தது.

"சார்! மேல இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

அதே நேரத்தில் முதல் கொட்டை படாரென்று வெடித்தது. இதற்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன். இருநூறு டிகிரியில் வரும் அந்த வெடிச்சத்தம் முந்தைய இரண்டு முறையும் எனக்கு வாய்க்கவில்லை.

"வெடிக்குது அக்கா!" என்று கத்தினேன்.

"எது வெடிக்குது? யோவ், பாவு மேல இன்னாமோ கொட்டுது, நிறுத்துய்யா!"

இங்கே என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டிப் பார்த்தேன். காலை வெயிலில், சந்தன நிறப் பாவின்மேல், பொன் துகள் போல உமி இறங்கிக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. நிறைய படித்தவன், மனித மனத்தின் இருட்டு பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை, "ரெண்டு நிமிஷம் அக்கா."

ஒன்றரை நிமிடத்தில் மனைவி மாடிக்கு வந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். அலமாரியிலிருந்து புருவ முடி எடுக்கிற இடுக்கியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். நானும் இறங்கினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கஞ்சி காய்வதற்குள் உமியை எடுத்தாக வேண்டும், அதனால் திட்ட நேரமில்லை. சிக்கல் என்னவென்றால், சந்தன நிற நூலில் சந்தன நிற உமி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏம்மா, ஒரு அரக்கு, ஒரு மயில்கழுத்துன்னு வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல" என்றார் அக்காவின் கணவர்.

"இவரு காப்பி வறுப்பாருன்னு கலர் பாத்தா வாங்குவாங்க?" என்றார் அக்கா.

விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அக்கா, அவர் கணவர், மகன், என் மனைவி, நான் என்று ஐந்து பேர் பாவின் இருபுறமும் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, வீணை வாசிப்பது போலத் தடவினோம். கண் மூடினால்தான் விரலுக்குத் தெரிகிறது என்றார் அக்கா. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மனைவி இஸ்திரித் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கொண்டுவந்து பூந்தூறலாக அடித்தாள். அது போதவில்லை. வீட்டிலிருந்து படுக்கை விரிப்புகள் வந்தன. தெருக்காரர்கள் நான்கு மூலையிலும் நின்று, பாவுக்கு மேலே விரிப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். பூப்போட்ட இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று, கார்ட்டூன் கரடி போட்டது ஒன்று.

அந்தப் பக்கமாகத் தயிர் வாங்கப் போன பெரியவர் ஒருவர் நின்றார். விதானம், கீழே கண்மூடிக் குனிந்த மனிதர்கள், பேச்சில்லை, நீர் தெளிக்கிறார்கள். செருப்பைக் கழற்றினார். கரடிக்குக் கீழே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயில் உற்சவம்பா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க, நூல்."

"ஓ," என்று தலையாட்டினார். ஆனாலும் ஒருமுறை கும்பிட்டுவிட்டே செருப்பை மாட்டினார். ஒரு ஷேர் ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெண்களில் இரண்டு பேர் இறங்கி வந்து கேட்காமலேயே விரிப்பின் மூலையை வாங்கிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அவர் வீட்டிலும் தறி இருந்திருக்க வேண்டும்.

ஏதாவது உபயோகமாகச் செய்யலாமே என்று நான் மாடிக்கு ஓடிப்போய் வெப்பமானியை எடுத்து வந்தேன். பாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து, "முப்பத்து மூணு டிகிரி" என்று அறிவித்தேன். சற்று நேரம் கழித்து, "முப்பத்து நாலு."

"அதைக் கொண்டுபோய் உள்ள வை சார்" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

ஒன்பது மணிக்கு முடிந்தது. முடிந்தது என்றால், விரலுக்கு வேறெதுவும் தட்டுப்படவில்லை. ஒன்றே ஒன்று தவிர. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, மாடிச் சுவருக்குக் கீழே, ஒன்றரை முழ நீளத்துக்குக் கஞ்சி முன்பே காய்ந்திருந்தது. என் இரண்டு நிமிடம் அங்கேதான் விழுந்திருந்தது. இடுக்கியால் எடுத்தால் இழை பிய்ந்தது. தண்ணீர் விட்டால் பக்கத்து இழையிலும் ஒட்டியது. அக்கா கையால் முழம் போட்டுப் பார்த்தார். ஒருமுறை இந்த முனையிலிருந்து, ஒருமுறை அந்த முனையிலிருந்து. நடுப் புடவையில் வருகிறது.

"கடைக்காரன் ரெண்டையும் வெளிச்சத்துல புடிச்சிப் பாப்பான்" என்றார். "முடிச்சு கிடிச்சு இருந்தா திருப்பிடுவான். நடுவுல வர்றதை நானே எடுத்துக்கறேன்."

முதல் புடவைதான் அவருக்கு என்று அதுவரை பேச்சு. முதல் புடவை முழுக்கப் பழுதில்லாமல் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ போய்க் காப்பி குடி சார்" என்றார். அவர் அதைக் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை.

போய்க் குடித்தேன். ப்ளக் பிடுங்கியபோது மோட்டாரும் நின்றுபோனதால் சூடான குக்கரின் அடியில் கிடந்த கொட்டை கரி, மேலே கிடந்தது அரைவேக்காடு. குடித்துப் பார்த்ததில் கசப்புக்குப் பின்னால் புளிப்பு இருந்தது.

அடுத்த இரண்டு மாதம் எதிர்வீட்டுத் தறிச் சத்தம் எனக்குப் பாடமாகிவிட்டது. சத்தம் நின்றால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். நிற்கிற ஒவ்வொரு முறையும் நான் செய்தித்தாளைத் தாழ்த்துவேன், மீண்டும் தறி அடிக்க ஆரம்பித்ததும் உயர்த்துவேன். நடுப் புடவை தொடங்கிய வாரத்தில் ஒரே தலைப்புச் செய்தியை நாற்பது தடவை படித்தேன். எதைப் பற்றி என்று இப்போதும் சொல்ல முடியாது. தெருவில் யார் பாவு நீட்டினாலும் முந்தின சாயங்காலமே என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகிற புது வழக்கமும் வந்தது. "நாளைக்குப் பாவு சார். வறுக்காத."

ஆவணியில் கல்யாணம். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன், பார்க்க வேண்டும் என்றுதான். அக்கா மணவறையில் மகனுக்குப் பின்னால் நின்றார். சந்தன நிற உடல், பாக்கு நிறக் கரை. வீடியோக்காரனின் விளக்கு அவர்மேல் விழும்போதெல்லாம் நான் முன்னால் சாய்ந்து அந்த ஒன்றரை முழத்தைத் தேடினேன். தோளில் இல்லை. முந்தானையில் இல்லை. கொசுவத்திலும் இல்லை. "பொம்பளைங்க புடவையை இப்படியா உத்துப் பாப்பாங்க" என்று மனைவி தொடையில் கிள்ளினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா உபசரிக்க வந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த இடம் எங்க போச்சு?"

"எல்லாம் இங்கதான் இருக்குது. தறியை ஆரம்பிக்கச்சயே கணக்குப் பண்ணி அதைக் கட்டுற தலைப்புல வர மாதிரி வெச்சேன். இடுப்புல முதல் சுத்து. உள்ள சொருகி இருக்குது."

"பாக்கறதுக்கு ரொம்ப மோசமா இருக்கா?"

அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினார்.

"அதை உனக்கு எப்படி சார் காட்டுறது?" என்றார். என் மனைவி பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள்.