மேற்படி மிருகம்

காலிதீனை வயல் வட்டையில் எல்லோரும் போடியார், பெரிய காணிக்காரர், என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆனால் சாய்ந்தமருதில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர் செய்கிற வயல் மனைவி கைருன்னிஸாவுக்கு அவள் வாப்பா கொடுத்த சீதனம். அரசாங்கக் காணிக் கந்தோரில் லிகிதராக எழுத்து வேலை பார்த்து, அடுத்தவன் காணி உறுதிப் பத்திரங்களைப் பார்த்தே தலை நரைத்தவர் காலிதீன். தன் பேரில் ஒரு முழ நிலம் இல்லாத போடியார். இதை அவரே சொல்லிச் சிரிப்பார், வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாதே என்று.

போன மாரிப்போகம் அந்த வயலைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போயின. அறுவடைக்கு ஆள் கூட்டிப் போனவர் வைக்கோலோடு திரும்பினார். அன்றைக்கே கைருன்னிஸா சொல்லிவிட்டாள்: "இன்னொரு போகம் இப்பிடிப் போனா காணியை மஜீட் காக்காட கையில குடுத்துருவன்." மஜீட் அவளுடைய அண்ணன். எருமைத் தயிர் வியாபாரி, பக்கத்துக் காணிக்காரரும்கூட. வயல் போனால் போடியாரும் போய்விடுவார். பிறகு பள்ளிவாசலுக்கும் பத்திரிகைக்கடைக்கும் நடந்தே செருப்பைத் தேய்க்க வேண்டியதுதான்.

ஆகவே இந்த மாரியில் வினாயகபுரத்துப் புவனேந்திரனைத் தேடிப் போனார். கடல் பொங்கித் தோணி கரையேறிவிட்டால் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காவலுக்குப் போகிறவர் அவர். பேச்சு லேசாக முடிந்தது. வெள்ளாமை வெட்டும்வரை வயலில் சுடும் உரிமை புவனேந்திரனுக்கு. விழுந்ததை அவரே கொண்டுபோகலாம், காணிக்காரருக்குப் பங்கில்லை. பன்றி வேட்டையில் பங்கு கேட்க எந்தச் சோனக முஸ்லிமுக்கு வாய் வரும்?

"ஆனா போடியார், வழியில ஆரும் மறிச்சாக் காட்ட ஒரு ஒப்பந்தம் எழுதித் தாங்க," என்றார் புவனேந்திரன்.

கரும்பு தின்னக் கூலியா! காலிதீன் வீட்டுக்கு வந்து நான்கு எல்லைகளையும் அழகாக எழுதினார். மிருகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல்லைச் சொன்னால் வாயைக் கொப்பளி என்று உம்மா வளர்த்த பிள்ளை. நரைத்த பிறகும் 'அது' என்றுதான் சொல்வார். கடைசியில் கந்தோர்ப் புத்தி கைகொடுத்தது. பெயர் சொல்ல விரும்பாத எதற்கும் அங்கே ஒரு சொல் உண்டு: மேற்படி.

சாட்சிக்கு மஜீட்டையே அழைத்தார். மச்சான் தன் எழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் வயிறெரியட்டும் என்ற ஆசைதான். புவனேந்திரனும் வந்து உட்கார்ந்தார். மஜீட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்: "மேற்கு எல்லை, மஜீட் என்பாரின் எருமைப் பட்டி. மேற்படி மிருகம் மேற்படி காணிக்குள் பிரவேசிக்குமிடத்து அதனைச் சுட்டுக் கொண்டுசெல்ல இத்தால் அனுமதிக்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மச்சான், எண்ட எருமையைச் சுடுறத்துக்கு என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டிரிக்கியா?"

புவனேந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். காலிதீன் அவசரமாக வெட்டிவிட்டு, 'காட்டு மிருகம்' என்று எழுதினார்.

"ஆனையும் காட்டு மிருகந்தான். அதைச் சுட்டா இவரோட நீயும் உள்ளுக்கு."

'பயிரை அழிக்கும் நாலுகால் பிராணி' என்று மாற்றினார்.

"அதுக்குள்ள எண்ட எருமை திரும்பி வந்திட்டு," என்றார் மஜீட்.

காலிதீனுக்குக் காது சுட்டது. ஊராரின் காணிச் சண்டைகளை எல்லாம் எழுதித் தீர்த்த கை, தன் வெள்ளாமையைத் தின்னும் ஒன்றின் பெயரை எழுத வராமல் கிடந்தது. வெட்கக்கேடு! புவனேந்திரன் வேறு எழும்பிப் போகப் பார்த்தார். அவர் போனால் வயலும் போகும்.

அப்போதுதான் கைருன்னிஸா உள்ளேயிருந்து வந்து பேனாவைப் பிடுங்கினாள். "பண்டி," என்றாள், தெருவுக்கே கேட்க. "பண்டி எண்டு எழுதுறத்துக்கு என்ன? வெள்ளாமையைத் திங்க அதுக்கு வெக்கமில்ல, எழுத உங்களுக்கு வெக்கமா?"

'காட்டுப் பன்றி' என்று அவளே கொட்டை எழுத்தில் எழுதினாள். காணிச் சொந்தக்காரர் என்று காலிதீன் தனக்காகப் போட்டு வைத்திருந்த கோட்டில் தன் கையெழுத்தையும் வைத்தாள். புவனேந்திரன் ஒப்பமிட்டார். மஜீட் சாட்சி. காலிதீனுக்கு மிஞ்சியது இரண்டாம் சாட்சி. அதில் ஒப்பமிட்டார்.

புவனேந்திரன் தாளை மடித்துக்கொண்டு போனதும் மஜீட் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, காணியை இப்பவே எனக்குத் தந்தா என்ன? மச்சானுக்கும் கரைச்சலில்ல."

கைருன்னிஸா கணவரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல காக்கா. காணி இவரோடயே இரிக்கட்டும். பண்டிக்கே இவ்வளவு மரியாத குடுக்கிற மனிசன், எண்ட வாப்பாட காணியைக் கைவிடுவாரா?"

காலிதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வயல் வரம்பு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.