உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு குழாய்

கல்பிட்டியில் எங்கள் தெருவில் வீட்டு ஹோலில் கடல்மீன் தொட்டி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நாட்டில் சண்டை முடிந்து, ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கிய காலம் அது. இறால் குஞ்சு பொரிக்கிற இடத்தில் நான் இருபது வருடம் தொட்டி பார்த்தவன். தண்ணீரைப் பற்றி எவனும் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற திமிர் அப்போது நிறைய இருந்தது. இப்போது போய்விட்டதென்று சத்தியம் பண்ணமாட்டேன்.

தொட்டிக்குக் குழாய் போட்டுத் தந்தவன் என் மனைவியின் தம்பி. வீடுகளில் குழாய் பொருத்துவதுதான் அவன் தொழில். மீன் தொட்டி வேலை புதிது. அதை இரண்டு கிழமையாகப் போனில் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தான். தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி ஒட்டினான். அதன் விளிம்பில் சீப்பு மாதிரிப் பல் வெட்டியிருந்தது. மேல்தண்ணீர் பல்லிடுக்கால் வழிந்து பெட்டிக்குள் விழும். பெட்டியின் அடியில் இரண்டு குழாய். ஒன்று, வால்வு பூட்டியது, தண்ணீரைச் சத்தமில்லாமல் அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறக்கும். மற்றது சற்று உயரமாகச் சும்மா நிற்கும். முதலாவது அடைத்தால் மட்டும் அது தண்ணீரை எடுக்கும். கீழே வடிந்ததை மோட்டர் திரும்ப மேலே தள்ளும்.

வேலை முடிந்ததும் மோட்டரை நிறுத்திக் காட்டினான். தண்ணீர் பல் மட்டத்தோடு நின்றது. கீழ்த்தொட்டி நிரம்பி வழியவில்லை. திரும்பப் போட்டான்; மூச்சுச் சத்தம்கூட இல்லை. நல்ல வேலை. நான் வாய் திறந்து அப்படிச் சொல்லவில்லை.

“மச்சான், ஒரு கதை. இந்த ரெண்டு குழாய் வாயிலயும் ஒண்டும் கட்டாதீங்க. வலை கிலை போட்டுராதீங்க” என்றான்.

“நீ கழுசான் போடப் பழகுறதுக்கு முந்தி நான் தொட்டியில நிண்டவன்டா. போடா” என்றேன்.

அவனுக்கு இந்தத் தொட்டி உயிராக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆலங்குடாவில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த சிலாபத்து முதலாளி ஒருவர் வரவேற்பறையில் சுவரளவு தொட்டி வைக்க நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அந்த வேலை இவனுக்கு. அது கிடைத்தால் அந்தக் கரையில் கட்டுகிற ஹோட்டலெல்லாம் இவனைத்தான் கூப்பிடும். கல்யாணம் பேசியிருந்த பெண் வீட்டுக்கும் அதைச் சொல்லி வைத்திருந்தான்.

புதன்கிழமை ஒரு சின்ன மீன் பல்லைத் தாண்டிப் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. அதை அள்ளி எடுத்துவிட்டு, இறால் குஞ்சு வலையில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டு குழாய் வாயிலும் இறுக்கிக் கட்டினேன். இறால் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான்: தண்ணீர் வெளியே போகிற வாயை வலை கட்டாமல் விட எங்கள் கை சம்மதிக்காது. அவன் வேண்டாமென்று சொன்னது ஞாபகம் இருந்தது. அதனாலேயே கொஞ்சம் கூடுதலாக இறுக்கினேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மைத்துனன் புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தான். அவன் பெட்டியைக் காட்டி விளக்க ஆரம்பித்தபோதே தண்ணீர் தொட்டியின் மேல்விளிம்பைத் தாண்டியது. பாசியும் தீனும் வலையில் அப்பி இரண்டு வாயும் அடைத்துவிட்டன. மோட்டர் மட்டும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர் கம்பளத்தில் பரவி முதலாளியின் சப்பாத்துக்குள் இறங்கியது. பிளக்கில் ‘சட்’டென்று பொறி பறந்து கரண்ட் நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அல்லாஹ்வுக்குப் பொதுவாகச் சொல்கிறேன், ஒரு நொடிகூட எடுக்கவில்லை. அந்த நொடியிலேயே வாயும் திறந்தது.

“இதான் உன்ட வேலையா? ஒரு வீட்டுத் தொட்டிக்கே ஒழுங்கா குழாய் போடத் தெரியல்ல, நீ ஹோட்டலுக்குப் போடப் போறியா? மானத்த வாங்கிட்டியேடா!”

அவன் பெட்டியைப் பார்க்க எழும்பினான். கிட்ட வராதே என்று தோளைப் பிடித்துத் தள்ளினேன். மனைவி ஏதோ சொல்ல வந்தாள். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி, “ஹரி, ஹரி, பரவால்ல” என்று பாதி சிங்களத்தில் சொன்னபடி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹோட்டல் வேலை கொழும்பு ஆட்களுக்குப் போனது.

மூன்றாம் நாள் அவன் வந்தான். அதற்கு முன்பே வலைத்துண்டுகளைக் கழற்றி அடுப்பில் போட்டிருந்தேன். வாசலில் நின்றபடியே கேட்டான்.

“மச்சான், நான் எங்க பிழை விட்டன்? சொல்லுங்க. அடுத்த இடத்துலயாவது திருத்திக்கிறன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அழாக்குறையாக நிற்கிற முகத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“குழாய் சின்னன்டா. அவ்வளவு தண்ணிக்கு ஒண்டரை இஞ்சி காணுமா? மூணு இஞ்சி போட்டிருக்கணும்.”

“ஓம் மச்சான்” என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

சில மாதம் கழித்துப் பாலாவியில் ஒரு வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கடல்மீன் தொட்டி கேட்டிருக்கிறார். இவன் மூன்று இஞ்சிக் குழாய்தான் போடுவேன் என்று நின்றிருக்கிறான். அவ்வளவு பெரிய துளைக்கு அந்தக் கண்ணாடியில் இடமில்லை. கண்ணாடியின் கரையோடு ஒட்டித் துளைத்துத் தண்ணீர் நிரப்பியிருக்கிறான். கண்ணாடி பிளந்தபோது, விழாமல் தாங்கக் கையைக் கொடுத்திருக்கிறான். வலது கையில் நரம்பு அறுந்து போனது. மூன்று விரல் இனி மடங்காது என்று டொக்டர் சொன்னார். குறடு பிடிக்கிற கை.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தான். அவனுடைய ராத்தா, என் மனைவி, கட்டில் ஓரத்தில் என்னைப் பார்க்காமல் நின்றாள். அவனே பேச்சைத் தொடங்கினான்.

“நீங்க சொன்ன அளவு சரிதான் மச்சான். நான்தான் துளையைக் கரைக்குக் கிட்டப் போட்டுட்டன்.”

மனைவி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஓம்” என்றேன்.