பூட்டின் மேல் நடக்க முடியாது

சக்கரக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனாலும் ஏமாற்றிவிட்டார்கள். அதுவும் அவளுடைய சக்கரத்தை வைத்தே ஏமாற்றினார்கள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான்.

என்னையும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்யும் சின்ன ஆபீஸ் அது. பசுமைச் சான்றிதழ் கேட்கும் கட்டடங்களுக்கு ஃபைல் தயாரித்துக் கொடுப்பது தொழில். ஏரியை மூடிக் கட்டினீர்களா, விளைநிலத்தை அழித்தீர்களா, சைக்கிளில் வருகிறவனுக்கு வண்டி நிறுத்த இடமும் குளிக்க அறையும் உண்டா என்று சான்றிதழ்காரர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்பது அதில் ஒரு கேள்வி. அந்தக் கேள்வி சக்கரக்காவின் ராஜ்ஜியம். நீளக் கைப்பிடி, அடியில் ஒற்றைச் சக்கரம், மீட்டர் காட்டும் சின்னப் பெட்டி. வாசலிலிருந்து ஸ்டாப் வரை அதை உருட்டிக்கொண்டே நடப்பாள். நானூறு மீட்டருக்குள் இருந்தால் மதிப்பெண் உண்டு, தாண்டினால் கிடையாது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு செல்லாது. மனிதர் கால் வைத்து நடக்கிற தூரம்தான் கணக்கு.

அதற்கு முன்னால் பள்ளிக்கூட மைதானங்களில் ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வட்டத்தில் அரை மீட்டர் பிசகினால் ஓடுகிற பிள்ளைக்கு அநியாயம் என்று அழித்துவிட்டு மறுபடி போடுவாள். அந்தச் சம்பளத்தில் படித்து எஞ்சினியரான தம்பிதான் இந்த ஆபீஸின் முதலாளி. அவள் நாற்பத்தாறு வயதில் அவனிடம் வேலை பார்ப்பதைச் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "அவன் ஃபைலுக்கு முதலாளி, தூரத்துக்கு நான்தான் முதலாளி" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அந்த உயரமான கட்டடத்தை அளக்கப் போன அன்றைக்கு ராஜ மரியாதை. பின்பக்கத்து கேட் ஆவென்று திறந்திருந்தது. புதுச் சீருடையில் ஒரு காவலாளி வழிவிட்டுச் சிரித்தார். கேட்டைத் தாண்டினால் நிழலான சின்னத் தெரு, தெருக்கோடியில் பஸ் ஸ்டாப். முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சக்கரக்கா எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், குடையைக் காவலாளியின் கூண்டிலேயே மறந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் காலை ஆறரை மணிக்குக் குடையைத் தேடிப் போனாள். தூறல் வேறு. பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நடந்தால் கேட் சாத்தியிருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் கூண்டில் ஆளில்லை. ஆணியில் அவள் குடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை.

அதே பஸ்ஸில் வந்த துப்புரவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கேட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரிய ரோட்டுக்கு நடந்தார்கள். அவர்களில் உயரமான ஒருத்தியிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"இந்த கேட் எப்பம்மா திறப்பாங்க?"

"அதா? நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு நாள் திறந்து பாத்திருக்கேன். யாரோ அளக்க வர்றாங்கன்னு திறந்தாங்க. அந்தம்மா போனதும் பூட்டிட்டாங்க."

அந்தம்மாவுக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. தெரிந்த விஷயத்தில் ஏமாந்தவளுக்கு வருகிற அவமானம் அது. கதவைப் பார்த்தோம், கீலைப் பார்த்தோம், நாதாங்கி தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தோமா? நாலு நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போய் அளந்தால் நாலு நாள் முன்னாலேயே ஜோடிக்க மாட்டார்களா? தன்னையே திட்டிக்கொண்டு அந்தப் பெண்களோடு சுற்றி நடந்தாள். நடைபாதை கிடையாது. லாரிகள் முழங்கையை உரசிக்கொண்டு போயின.

குடையோடு நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள்.

"அந்தத் தாளைக் குடுடா. தப்பா எழுதிட்டேன்."

விஷயத்தைக் கேட்டதும் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, கேட் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? விதியில பூட்டுன்னு ஒரு வார்த்தை இருந்தா காட்டு."

"நடக்கிற தூரம்னு இருக்கு. பூட்டு மேல எப்படிடா நடக்கிறது?"

"இந்தக் கட்டடம் கையை விட்டுப் போச்சுன்னா ஆபீஸை மூட வேண்டியதுதான். ஆறு குடும்பம்க்கா."

"அந்த ரோட்டுல தினமும் எத்தனை குடும்பம் நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? காருக்குள்ள உக்காந்து போறவனுக்கு எப்படித் தெரியும்!"

சுண்ணாம்புக் கோட்டுக் கதையை அவள் அப்போது எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான். ஆனால் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல என்கூட பஸ்ல வா. நடந்து பாரு. அப்புறம் நீயே உன் கையால முந்நூற்றுப் பன்னிரண்டுன்னு எழுது. நான் வாயைப் பொத்திக்கிறேன்" என்றாள்.

வந்தான். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு வந்தான். பூட்டிய கேட்டைப் பிடித்து ஒரு தடவை உலுக்கிப் பார்த்தான். அக்கா சக்கரத்தைப் பெரிய ரோட்டுக்குத் திருப்பினாள். பாதித் தூரத்தில் ஒரு லாரி பள்ளத்துத் தண்ணீரை அவன் பேன்ட் முழுக்க வாரி இறைத்தது. அவன் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் அந்த உயரமான பெண் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஓரமா வாங்க தம்பி. போன மாசம் இதே இடத்துலதான் எங்காளு ஒருத்தி கால்ல ஏத்திட்டுப் போனான். இன்னும் கட்டுப் பிரிக்கலை."

முன்வாசலுக்கு வந்தபோது சக்கரம் எண்ணூற்று எழுபது காட்டியது. தம்பி அந்த எண்ணைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

கட்டட மேலாளரின் அறைக்குள் இருவரும் சேற்றுக் காலோடு போனார்கள். மேலாளரின் பார்வை கம்பளத்தை விட்டு நகரவில்லை.

"பின்னால திறந்தா அங்கேயும் ரெண்டு ஷிஃப்ட் ஆள் போடணும் சார். சான்றிதழ் வரட்டும், கேட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

"இப்பவே பாத்துக்கலாம்" என்றாள் சக்கரக்கா. "பூட்டைத் திறந்து காட்டுறது இனிமே என்கிட்ட செல்லாது. கதவைக் கீலோட கழட்டுங்க. கழட்டினப்புறம் நான் வந்து அளப்பேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்."

மேலாளர் சிரித்தார். "உங்க அக்காவைக் கொஞ்சம் வெளிய உக்கார வைங்க சார். நாம பேசிக்கலாம்."

தம்பி எழுந்தான். அவளை வெளியே அனுப்பத்தான் எழுகிறான் என்று நினைத்து அவள் சக்கரத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இழுத்தாலும் போவதில்லை என்று முடிவு. அவன் ஃபைலைத் திறந்து முந்நூற்றுப் பன்னிரண்டை அடித்தான். பக்கத்தில் எண்ணூற்று எழுபது என்று எழுதினான். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினான்.

"அளந்தவங்களும் போடணும். போடுக்கா."

போட்டாள்.

அன்று மத்தியானமே அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனது. தம்பி ஆபீஸை மூடவில்லை. வாடகையை மிச்சம் பிடிக்க மேல்மாடியைக் காலி செய்துவிட்டு ஆறு பேரும் கீழே ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பழைய அளவைத் திரும்பப் பெறுகிறோம், சரியான தூரம் எண்ணூற்று எழுபது என்று சான்றிதழ்காரர்களுக்கு ஒரு கடிதமும் போட்டான். கட்டடக்காரர்கள் வேறொரு ஆபீஸைப் பிடித்து, பழையபடி கேட்டைத் திறந்து வைத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அனுப்பினார்கள். ஒரே வாசலுக்கு இரண்டு தூரமா என்று சான்றிதழ்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். அப்புறம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆளும் அனுப்பினார்கள். வந்தவர் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் சக்கரக்காவின் காதுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை அதே காலை பஸ்ஸில் சக்கரத்தோடு ஏறினாள். யாரும் அனுப்பவில்லை. அந்தக் கட்டடத்துக்கும் அவளுக்கும் இப்போது எந்த ஒட்டும் உறவும் இல்லை.

கேட் இருந்த இடத்தில் கதவு இல்லை. குனிந்து பார்த்தாள். கீலையும் அறுத்தெடுத்திருந்தார்கள். அறுத்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வாசல் படியில் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, எதிரே வருகிற பெண்களுக்கு வழிவிட்டு, ஸ்டாப்பை நோக்கி உருட்டினாள்.

உயரமான பெண் அடையாளம் கண்டுகொண்டாள். "என்னக்கா, மறுபடியும் அளக்கிறீங்க? இது யாருக்கு?"

"எனக்கு" என்றாள் சக்கரக்கா.